ஓம் மட்டும் சொன்ன அன்னலட்சுமி அம்மா

நீங்க சிரிப்பீங்க எண்டு தெரிஞ்சுகொண்டுதான் சொல்றன், சிரிச்சு முடிச்சிட்டுக் கேளுங்கோ. பேய், ஆவி, செய்வினை எண்டு ஆராவது என்னட்ட வந்தா நான் முதல்ல பிரஷர் பாக்கிற ஆள். இருபத்தெட்டு வருஷம் வாட்டில நிண்டிருக்கிறன், எத்தனை பேருக்கு இந்தக் கையால கண்ணை மூடிவிட்டிருக்கிறன், ஒருத்தராவது திரும்பி வந்து "மிஸ், ஒரு கோப்பை தண்ணி" எண்டு கேட்டதில்லை. எங்கட கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பக்கத்தில ஒரு மனுசி வெள்ளிக்கிழமையில உருவேறி ஆடுவா, நான் ஜன்னலைச் சாத்திப்போட்டு நித்திரை கொள்ளுவன், டியூட்டி முடிச்சு வந்தவளுக்கு ஆட்டமென்ன பாட்டமென்ன. அதோட இது ராத்திரியில நடந்த கதையுமில்லை. ராத்திரி எண்டா நானே நம்பமாட்டன், நித்திரைக் கண்ணுக்கு என்னவும் தெரியும். இது பட்டப்பகல், மத்தியானம் ரெண்டரை மணி, ஆறு கட்டிலிலயும் ஆக்கள்.

சண்டைக் காலம். வெள்ளவத்தையில, கோல் ரோட்டில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு லேனில சின்ன நேர்சிங் ஹோம் ஒண்டு இருந்தது. பேர் வேண்டாம், இப்ப அந்த இடத்தில அடுக்குமாடி வந்திட்டுது. கரையோரம் ரயில் போனா எங்கட மருந்துப் போத்தில் எல்லாம் கிணுகிணுக்கும். நான் பெண்கள் வாட்டில ஸ்டாஃப் நேர்ஸ். என்ட மனுசன் ஹார்பரில வேலை செய்தவர், கால் நசிஞ்சு வீட்டோட இருந்தார். ரெண்டு பிள்ளையள் பள்ளிக்கூடம். என்ட வேலை போனா அடுப்பில பூனை படுக்கும், அந்த நிலைமை. இதை ஒருக்கா மனசில வைச்சிருங்கோ, பேந்து நான் செய்ததைக் கேட்டிட்டு "இப்பிடியும் ஒரு பொம்பிளையா" எண்டு நினைக்கேக்க உதவும்.

எங்கட மேட்ரன் கண்டிப் பக்கத்துச் சிங்கள மனுசி. தமிழ் கதைப்பா, ஆனா டொக்டரைக்கூட "நீ" எண்டுதான் சொல்லுவா, மரியாதைக் குறைவில்லை, அவவுக்கு வந்த தமிழ் அவ்வளவுதான். அவ ஒரு பெரிய சி.ஆர். கொப்பி, மட்டை போட்ட தடிச்ச கொப்பி, வாங்கி நடுவால கோடு போட்டு வைச்சிருந்தா. இடப்பக்கம் நடந்திருக்க வேண்டியது, வலப்பக்கம் நடந்தது. இங்கிலீசில எழுதவேணும், நான் உங்களுக்குத் தமிழில சொல்றன். மருந்து பத்து நிமிஷம் பிந்தினாலும், ஆள் கட்டிலால விழுந்தாலும், தெர்மாமீட்டர் உடைஞ்சாலும் அதில எழுதவேணும். "யார் செஞ்சது எழுத வேணாம், என்ன நடந்தது எழுது. எழுதினா தானே ஏன் நடந்தது பாக்கலாம். பாத்தா தானே திரும்ப நடக்காது" எண்டுவா. ஆர் நம்பினது. பேர் எழுதாட்டியும் கையெழுத்து ஆளைக் காட்டிக்குடுத்திடுமே. அதுக்கு நாங்க வைச்ச பேர் பாவசங்கீர்த்தனக் கொப்பி. கோயிலில எண்டாலும் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபாதர் கேட்டிட்டு மறந்திடுவார், இந்தக் கொப்பி மறக்காது எண்டு நான்தான் பகிடி விட்டனான். தெர்மாமீட்டர் உடைச்சதெல்லாம் நான் வடிவாக் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறன், என்னைப் போல உண்மைசாலி இல்லையெண்டு காட்டத்தானே.

அப்பதான் அன்னலட்சுமி அம்மா வந்து சேந்தா. வன்னிப் பக்கம், அறுபது வயசிருக்கும், நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். மகன் லண்டனில, அவர் கூப்பிட்டு எடுக்கிற வரைக்கும் வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில தனிய இருந்தவ. அந்த மனுசி வாயில ஒரே ஒரு சொல்லுத்தான். "இடியப்பமா அம்மா, பாணா?" "ஓம் பிள்ளை." "நோ கூடவா இருக்கா, குறைஞ்சிருக்கா?" "ஓம் பிள்ளை." ஃபேனைப் போடவோ நிப்பாட்டவோ எண்டு கேட்டாலும் ஓம்தான். கொஞ்சம் அடைச்ச குரல், சொல்லைக் கடைசியில இழுப்பா. நாங்க சிரிப்பம், தங்கமான நோயாளி எண்டு. கேள்வி கேக்காது, பெல் அடிக்காது, குறை சொல்லாது. உண்மையைச் சொன்னா அப்பிடிப்பட்ட ஆக்களைத்தான் நேர்ஸ்மார் வடிவாப் பாக்கிறதில்லை, கத்திற ஆக்களிட்டத்தானே ஓடுறம்.

அவ மூண்டாம் கட்டில். நாலாம் கட்டிலில மகேஸ்வரி எண்டு ஒரு அம்மா, சீனி வருத்தம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் இன்சுலின் போடவேணும். ஒருநாள் மகேஸ்வரி அம்மா கடல் காத்து தன்ர பக்கம் வருகுதில்லை, மாறிப் படுப்பமோ எண்டு கேட்டிருக்கிறா, இவ வழக்கம் போல ஓம் எண்டிட்டா. ரெண்டு பேரும் தங்கட பாட்டில மாறிப் படுத்திட்டினம். எனக்குத் தெரியாது. நான் ட்ரேயைக் கொண்டு நாலாம் கட்டிலடிக்குப் போய், முகத்தைக்கூட நிமிந்து பாக்காமல், "மகேஸ்வரி அம்மாதானே?" எண்டு கேட்டன். "ஓம் பிள்ளை" எண்டு கையை நீட்டினா. போட்டன்.

முக்கால் மணித்தியாலத்தில ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கண் எங்கயோ போகுது. பாத்தவுடன எனக்கு விளங்கிட்டுது. ஓடிப்போய்க் குளுக்கோஸ் கரைச்சுப் பருக்கி, டொக்டர் வந்து ட்ரிப்பும் ஏத்தி, கடவுளே எண்டு ஆள் தெளிஞ்சிட்டா. டொக்டர் என்னட்டக் கேட்டார், என்ன நடந்தது எண்டு. என்ட வாய் சொல்லிச்சு, "காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர்." அவர் திரும்பி அவவிட்டக் கேட்டார், "ஏன் அம்மா, சாப்பிடேல்லையா?" அன்னலட்சுமி அம்மா என்னைப் பாத்தா. நல்ல நேரம் பாத்தா. பேந்து "ஓம்" எண்டா.

கொப்பியில நான் ஒண்டும் எழுதேல்லை. அண்டைக்குப் பின்னேரம் அதை எடுத்து விரிச்சு, பேனையைத் திறந்து, வேலை போன பிறகு வீட்டு வாடகைக்கு என்ன செய்யிறது எண்டு யோசிச்சுப்போட்டு, மூடி வைச்சிட்டு பஸ் ஏறினன். அதுக்கு அஞ்சாம் நாள் சுகமெண்டு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி அவவை அனுப்பினம். போகேக்க என்ட கையைப் பிடிச்சு ஒருக்கா அமத்திப்போட்டுப் போனா.

நித்திரை வருமெண்டு நினைக்கிறீங்களா. ஒரு மாசம் தாக்குப்பிடிச்சன். பிறகு ஒருநாள் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அவ இருந்த லொட்ஜுக்குப் போனன். அங்க மனேஜர் ஐயா ஒருத்தர், என்னை மேலயும் கீழயும் பாத்தார். அந்த நேரம் தெரியும்தானே, லொட்ஜில ஆர் இருக்கினம் ஆர் போகினம் எண்டு வாய் திறக்க எல்லாருக்கும் பயம், பொலிஸ் பதிவு, செக்கிங், கேக்கிற ஆள் எந்த ஆளோ. நான் மெல்லமாக் கேட்டன், "ஐயா, வன்னியில இருந்து வந்த அன்னலட்சுமி அம்மா..." அவர் குரலைத் தணிச்சு, "அவ போயிட்டா" எண்டார். "போயிட்டாவா?" "ஓம். போன கிழமை. வேற ஒண்டும் கேக்காதைங்கோ தங்கச்சி."

பிஸ்கட் பெட்டியோட ரயில் ஸ்டேஷன் பக்கம் போய்க் கடற்கரைக் கல்லில குந்தி இருந்து அழுதன், அந்த அலைச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. என்ட ஊசிதான் அந்த மனுசியை உள்ளுக்குள்ள ஏதோ செய்திட்டுது எண்டு எனக்கு முடிவாயிட்டுது. படிச்சவள்தான், ஒரு மாசத்துக்குப் பிறகு அது ஒண்டும் செய்யாது எண்டு புத்தகம் சொல்லும், மனசு புத்தகம் வாசிக்குமா. அந்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக் கோயிலில அவட ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தன். ஃபாதர் பேரைக் கேட்டிட்டு, "சைவப் பேராக் கிடக்கு மகள்" எண்டார். "ஆண்டவருக்குத் தெரியும் ஃபாதர்" எண்டன், அவர் எழுதிக்கொண்டார். கொப்பியில எழுதவேண்டியதைப் பூசையில எழுதினன், அவ்வளவுதான் என்ட தைரியம்.

இனித்தான் அந்த நாள். இன்னும் ஒரு மாசம் போயிருக்கும். அப்ப எங்கட ஆறாம் கட்டிலில, ஜன்னலோரம், மாளிகாவத்தையில இருந்து ரிஸ்மினா எண்டு ஒரு பிள்ளை. பத்தொன்பது வயசு, வீட்டுக்கு ஒரே பிள்ளை. கழுத்தில கழலை, முதல்நாள்தான் ஒப்பரேஷன், கழுத்தைச் சுத்தி வெள்ளைத் துணிக்கட்டு, வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கக்கூடாது எண்டு டொக்டர் கட்டளை. கதைக்கவும் ஏலாது, நோ மருந்தில பாதி மயக்கம், என்ன கேட்டாலும் தலையை ஆட்டும். அவட ஃபைலில சிவப்பு மையால போட்டிருந்தது, பென்சிலின் ஒத்துவராது எண்டு. சின்ன வயசில ஒருக்காப் போட்டு மூச்சு நிண்டு, பிள்ளை முடிஞ்சுது எண்டு மையத்துக்குச் சொல்லி அனுப்பப் பாத்தவங்களாம், தாய் என்ட கையைப் பிடிச்சு மூண்டு தரம் சொன்னவ, "மிஸ், மறந்திடாதீங்க, எனக்கு இவள் மட்டும்தான்." நாலாம் கட்டிலில சரோஜினி எண்டு ஒரு ஆள், காலில புண் சீழ் வைச்சது, அவவுக்குப் பென்சிலின் ஊசி.

ஒரு மணி இருக்கும், கோட்டைப் பக்கம் ஒரு பெரிய சத்தம். எங்கட ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எங்களுக்குப் பழகின சத்தம்தான், ஆனாப் பழகினதெண்டு பயம் போறதில்லை. மேட்ரன் ஓடிவந்து ஜன்னலோரக் கட்டிலெல்லாத்தையும் உள்ளுக்கு இழுக்கச் சொன்னா, இன்னொண்டு வெடிச்சா கண்ணாடி முகத்தில கொட்டிடுமெண்டு. அட்டெண்டன்மார் கட்டிலெல்லாத்தையும் தள்ளி மாத்திப்போட்டினம். ஒரு விஷயம், எங்கட கட்டில் நம்பர் எல்லாம் சுவரிலதான் தொங்கினது, கட்டிலில இல்லை. ஜன்னலோரம் கிடந்த ரிஸ்மினா நாலாம் நம்பருக்குக் கீழ வந்திட்டா. நம்பர் இருந்த இடத்தில இருக்குது, ஆள் மாறிட்டுது.

ரோட்டெல்லாம் மறிச்சாச்சு. என்ட மகள் பம்பலப்பிட்டியில பள்ளிக்கூடம், மகன் கொட்டாஞ்சேனையில, டெலிஃபோன் எடுத்தா ஊமை. என்ட கை வேலை செய்யுது, புத்தி கோல் ரோட்டில பிள்ளையைத் தேடிக்கொண்டு நிக்குது. ரெண்டு மணி ஊசி ரெண்டரையாப் போச்சு. ட்ரேயை எடுத்துக்கொண்டு நாலாம் நம்பரடிக்கு வந்தன். போர்வை கழுத்துவரைக்கும் இழுத்துக் கிடந்தது. இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வரேல்லைப் பாருங்கோ, அதே கேள்வியைத்தான் கேட்டன், "சரோஜினிதானே?" போர்வைக்குள்ள தலை ஆடிச்சு. கையை எடுத்துத் துடைச்சு, ஊசியைத் தூக்கிக் காத்தை வெளியில விட்டிட்டு, தோலில வைக்கப் போறன்.

"இல்லைப் பிள்ளை."

நம்பினா நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. என்ட வலக் காதுக்குக் கிட்ட, கட்டிலில படுத்திருக்கிற ஆள் கதைக்கிற உயரத்தில, நல்ல தெளிவா. அடைச்ச குரல். கடைசியில இழுவை. "பிள்ளைஐ" எண்டு அந்த இழுவை இருக்கே, அதை நான் பத்து நாளா வாட்டில கேட்டவள், என்ட தாயின்ர குரல்கூட மாறுமோ தெரியாது, இது மாறாது. அன்னலட்சுமி அம்மா. ஆனா அந்தக் குரலில அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பயம் வரேல்லை எனக்கு, அதுதான் புதினம். கோயிலில நற்கருணையைத் தூக்கேக்க மணி அடிச்சவுடன எல்லாருக்கும் தலை தானாக் குனியுமே, அப்பிடித்தான் என்ட உடம்பு முழுக்கக் குனிஞ்சு நிண்டது. உயிரோட இருக்கேக்க ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லத் தெரியாத மனுசி, செத்தபிறகு ஒரு பிள்ளைக்காக அதைச் சொல்லப் பழகிக்கொண்டு வந்திருக்கிறா எண்டு நினைச்சன். கண்ணால தண்ணி ஓடுது, துடைக்கக் கை இல்லை.

ஊசியை ட்ரேயில வைச்சிட்டுப் போர்வையை இறக்கினன். கழுத்தில வெள்ளைத் துணிக்கட்டு.

பிறகு ரெண்டாம் கட்டிலில இருந்த இரத்தினபுரி மெனிக்கே அம்மா எழும்பி இருந்து, "கவுத மிஸ் நே கிவ்வே?" எண்டு கேட்டா. ஆர் மிஸ் இல்லையெண்டு சொன்னது எண்டு. அந்த மனுசிக்குத் தமிழில ஒரு சொல்லும் தெரியாது, தண்ணி வேணுமெண்டாலும் கையால காட்டிற ஆள். அப்ப எனக்கு மட்டும் கேட்ட சத்தமில்லை. நான் மேட்ரனைக் கூப்பிட்டன்.

மேட்ரன் வந்தா. எல்லாத்தையும் கொட்டினன், இண்டையதையும், ரெண்டு மாசத்துக்கு முதல் நடந்ததையும், இன்சுலினையும், டொக்டருக்குச் சொன்ன பொய்யையும், லொட்ஜையும், பூசையையும். அவ பேசுவா எண்டு நினைச்சன். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில வைச்சு, "எழுது" எண்டா. "ரெண்டும் எழுது. முதல்ல நடந்தது முதல்ல." எழுதினன். நடந்திருக்க வேண்டியது எண்ட பக்கத்தில என்ன எழுதிறதெண்டு தெரியாமல் நிக்க, அவ சொன்னா, "ஆளுட பேர் நீ சொல்லக்கூடாது, பிலோமினா. பேர் என்ன கேக்க வேணும். நீ பேர் சொன்னா அவங்க ஓம் சொல்லும். வெள்ளை உடுப்பு, காக்கி உடுப்பு, அவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்." நான் தமிழச்சி, எனக்குத் தெரியாதது அவவுக்குத் தெரிஞ்சிருக்குது. வெக்கமாப் போச்சு.

பிறகு அவ ஒரு வேலை செய்தா. கட்டில் கட்டிலாப் போய், தனித்தனியாக் குனிஞ்சு கேட்டா. "இல்லையெண்டு கேட்டதா" எண்டு கேக்கேல்லை, "என்ன கேட்டது" எண்டுதான் கேட்டா. மூண்டு பேர் நித்திரையாம், ஒண்டும் கேக்கேல்லை. சரோஜினி, "ஆரோ வயசான அம்மா இல்லைப் பிள்ளை எண்டவ" எண்டா. மெனிக்கே அம்மா, ஒரு கிழவி "நே துவே" எண்டு சொன்னதாச் சத்தியம் பண்ணினா, "துவே" எண்டா சிங்களத்தில மகளே எண்டு அர்த்தம். ரிஸ்மினாவிட்டக் கடதாசியும் பென்சிலும் குடுத்தா, அது மயக்கத்தில கோணலா எழுதிச்சு, "உம்மம்மா மாதிரி ஒராள்." அவையள் அம்மம்மாவை அப்பிடித்தான் சொல்லுறது. மேட்ரன் வலப்பக்கத்தில எல்லாத்தையும் அப்பிடியே எழுதினா. கடைசியில, சொன்ன ஆள் எண்ட இடத்தில, தெரியாது எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டா. பௌத்த மனுசி, போட்டிட்டுக் கையைக் கூப்பினா.

"முதலாவதை அண்டைக்கே எழுதியிருந்தா ரெண்டாவது வராது" எண்டு மட்டும் என்னட்டச் சொன்னா. வேலையால நிப்பாட்டேல்லை. ஒரு மாசம் ஊசி தொடவிடேல்லை, பஞ்சு மடிச்சுக்கொண்டிருந்தன். அடுத்த நாளே நம்பரெல்லாம் சுவரில இருந்து கழண்டு கட்டில் காலில ஏறிச்சு, ஆக்களின்ர கையில பேர் எழுதின பிளாஸ்டர் ஒட்டினம். அண்டைக்குப் பின்னேரம் என்ட மகள் நடந்தே வந்து வாட்டு வாசலில நிண்டாள், செருப்பு ஒண்டு இல்லை, சிரிச்சுக்கொண்டு. நான் அவளைக் கட்டிப்பிடிச்சு அழ, ரிஸ்மினாவின்ர தாயும் ரோடு திறந்து ஓடிவந்து தன்ர பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு அழுகிறா, அவவுக்குக் குண்டுக்குத் தப்பினது மட்டும்தான் அப்ப தெரியும். மற்றதை மேட்ரன் அவவை இருத்தித் தானே சொன்னா.

மேட்ரன் அதோட விடேல்லை. "அந்த அம்மாட மகனுக்குக் கடிதம் எழுது. பிழை செஞ்சது அவங்களுக்குச் சொல்ல வேணும்." லண்டன் விலாசம் ஃபைலில கிடந்தது. எழுதினன், உங்கட அம்மாவுக்கு நான் ஊசி மாறிப் போட்டனான், மறைச்சனான், அவ காலமானது கேள்விப்பட்டு நித்திரையில்லாமல் இருக்கிறன், மன்னிக்க வேணும் எண்டு. இதை வடிவாக் கேளுங்கோ. இன்சுலின் கதை மட்டும்தான் எழுதினன். வேற நோயாளியைப் பற்றி ஒரு எழுத்தும் வெளியில போகக்கூடாது எண்டு மேட்ரன் கண்டிப்பாச் சொன்னவ, எங்கட கிளாக்கர் ஐயாவைக் கொண்டு அந்தக் கடிதத்தை வரிவரியா வாசிப்பிச்சுக் கேட்டிட்டுத்தான் ஒட்டவிட்டவ.

ஒண்டரை மாசத்தால நீலநிற எயார் மெயில் ஒண்டு வந்தது. கோணல்மாணல் எழுத்து. "அன்புள்ள நேர்ஸ் பிள்ளைக்கு" எண்டு தொடங்கி, ரெண்டாவது வரி, "நான் சாகேல்லை."

கையெழுத்து, அன்னலட்சுமி.

நான் அந்த வரியை எத்தனை தரம் வாசிச்சன் எண்டு கேக்காதைங்கோ. அவ போயிட்டா எண்டு லொட்ஜ் ஐயா சொன்னது லண்டனுக்கு. வெளிநாட்டுப் பயணத்தை வெளியில கதைக்கிற காலமில்லைத்தானே, அதுதான் குரலைத் தணிச்சவர். "போயிட்டாவா?" எண்டு நான் கேட்டன், "ஓம்" எண்டார். பாருங்கோ, அங்கயும் நான் அதே மாதிரித்தான் கேட்டிருக்கிறன். உயிரோட லண்டனில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிற மனுசியின்ர ஆத்துமாவுக்குக் கொட்டாஞ்சேனையில பூசை. வாட்டில நிண்டு விழுந்து விழுந்து சிரிச்சன், சிரிச்சுக்கொண்டு இருக்கேக்கயே சிரிப்பு நிண்டிட்டுது. ஏனெண்டா செத்த ஆள் வந்து சொன்னதெண்டா அதுக்கு எங்கட ஆக்களிட்ட நூறு கதை இருக்கு. உயிரோட இருக்கிற ஆள், கடலுக்கு அந்தப் பக்கம், அதுக்கு என்ன கதை.

கடிதம் கனக்க இல்லை. "நீங்கள் மகேஸ்வரியோ எண்டு கேட்டது எனக்கு விளங்கினது பிள்ளை. என்ர ஊசி இல்லையெண்டும் தெரியும். வாய் வரேல்லை. வாற வழியெல்லாம் ஒவ்வொரு ஆமிக் காம்பிலயும் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லித்தான் உயிரோட வந்து சேந்தனான். இல்லையெண்டு சொன்ன என்ர தம்பி வந்து சேரேல்லை. அதால உங்களில பிழையில்லை. ஆனா சொல்லியிருக்க வேணுமெண்டு இஞ்ச வந்தும் மனசு அரிச்சுக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலமை இஞ்சத்தை ஆசுப்பத்திரியில இருக்கேக்க கண் அயந்திட்டுது. நீங்கள் ட்ரேயோட நிக்கிறியள். அண்டைக்குச் சத்தம் போட்டுச் சொல்லிப்போட்டன். மகன் பயந்திட்டான்." காலமை எண்டா எத்தனை மணி, எந்த நாள் எண்டு அவ எழுதேல்லை. லண்டனில காலமை எண்டா எங்களுக்கு மத்தியானம், அதை நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தன், மேட்ரனும் எண்ணிப் பாத்தா.

இதுவரைக்கும் நீங்க கனவு எண்டு சொல்லலாம். மனம் மனத்தை இழுக்கும் எண்டு சொல்லலாம், என்ட மனுசன் அப்பிடித்தான் சொன்னார். நானும் ஓம் எண்டு விட்டிருப்பன். ஆனா கையெழுத்துக்குக் கீழ, ஓரத்தில, இடமில்லாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தா. அன்னலட்சுமி அம்மா எங்கட வாட்டில இருந்த நாளில அந்த வரியில கேட்ட மாதிரி ஒரு நோயாளி இருக்கேல்லை, அட்மிஷன் புத்தகத்தை ரெண்டு தரம் புரட்டிப் பாத்தனான். அந்தப் பிள்ளை வந்தது இவ போய் ரெண்டு மாசத்தால. என்ட கடிதத்திலயும் இல்லை, கிளாக்கர் ஐயா சாட்சி.

"கழுத்தில வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு கிடந்த பிள்ளை இப்ப கதைக்குதோ?"

அந்த எயார் மெயில் இப்பவும் என்ட அலுமாரியில, பைபிளுக்குள்ள இருக்கு, வேணுமெண்டா காட்டுறன். பதில் எழுத மூண்டு நாள் இருந்தன். என்னத்தை எழுதிறது, என்னெண்டு கேக்கிறது. நாலாம் நாள் ஒரு தபாலட்டை வாங்கி, ஒரே ஒரு சொல்லு எழுதிப் போட்டன்.

ஓம்.